அலைமேல் ஒரு குரல்

நுழையும்முன்

கடலுக்குச் சென்றவரின் செய்தி கரைக்கு வந்து சேர்வது நெய்தல் நிலத்தின் பழமையான கவலை. பெரும்பாணாற்றுப்படை நீர்ப்பெயற்றுத் துறையில் எரிந்த கலங்கரை விளக்கத்தைக் காட்டுகிறது. அன்று ஒளி செய்த வேலையை இன்று வானொலி அலைகள் செய்கின்றன. கையளவுக் கருவி ஒன்று உலகம் முழுவதையும் இணைக்கும் இக்காலத்தில், பொத்தானை அழுத்திப் பேசும் பழைய ‘வாக்கி டாக்கி’க்கு இன்னும் இடம் உண்டா? பழவேற்காட்டுக் கடற்கரையை முன்வைத்து இவ்வினாவுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

ஏரியும் கடலும்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்தில் அமைந்துள்ளது பழவேற்காடு. 1613ஆம் ஆண்டில் டச்சுக்காரர் இங்குக் கெல்டிரியா கோட்டையைக் கட்டி வாணிகம் நடத்தினர். இவ்வூரின் பெயரைத் தாங்கிய ஏரி, ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். அதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளன. தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காளங்கியாறும் அதில் வந்து கலக்கின்றன. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீண்டு கிடக்கிறது.

இங்குள்ள மீனவரின் தொழில் இருவகைப்பட்டது. ஒன்று, ஏரிக்குள் இறாலும் நண்டும் மடவையும் பிடிப்பது. மற்றொன்று, முகத்துவாரத்தைக் கடந்து கடலுக்குள் சென்று வலை வீசுவது. ஏரி ஆழம் குறைந்தது. பல இடங்களில் ஓர் ஆள் ஆழம்கூட இராது. கரையும் கண்ணுக்கெட்டும் தொலைவிலேயே இருக்கும். கடலின் நிலை அத்தகையதன்று. ஆற்றுநீரும் அலையும் மணலும் ஒன்றோடொன்று மோதும் முகத்துவாரம் பருவத்துக்குப் பருவம் தன் வடிவை மாற்றிக்கொள்ளும். நேற்று படகு சென்ற வழியில் இன்று மணல்திட்டு எழுந்திருக்கலாம். அதைக் கடந்தபின் கரை சிறுகச் சிறுக மறையும். படகில் இருப்போர் தம் அறிவையும் அண்டைப் படகினரையும் நம்பியே தொழில் செய்ய வேண்டும்.

எனவே, பழவேற்காட்டு மீனவருக்குச் செய்தி என்பது பொழுதுபோக்கன்று. உயிரையும் பிழைப்பையும் தாங்கும் கருவி. முன்னே சென்ற படகு முகத்துவாரத்தில் அலை எப்படி உள்ளது என்று ஒரு சொல் சொன்னால், பின்னே வரும் பத்துப் படகுகள் தப்பும்.

நெடுஞ்சாலையில் பிறந்த பழக்கம்

முன்னே செல்பவர் பின்னே வருபவருக்கு வழிநிலை சொல்லும் இப்பழக்கம், தரைவழியில் பெரும் இயக்கமாக வளர்ந்த வரலாறு ஒன்று உண்டு. அமெரிக்காவில் இரண்டாம் உலகப்போருக்குப் பின், பொதுமக்கள் தமக்குள் பேசிக்கொள்வதற்கென்று குறிப்பிட்ட வானொலி அலைவரிசை ஒதுக்கப்பட்டது. ‘குடிமக்கள் அலைவரிசை’ எனப் பொருள்படும் அதனைச் சுருக்கமாக ‘சி.பி. ரேடியோ’ என்றனர். 27 மெகாஹெர்ட்ஸ் அளவில் இயங்கும் இக்கருவிக்கு 4 வாட் ஆற்றலே போதும்.

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி இக்கருவியைச் சரக்குந்து ஓட்டுநரின் இணைபிரியாத் துணையாக்கியது. எரிபொருளைச் சேமிக்க அந்நாட்டில் வேக வரம்பு மணிக்கு 55 மைலாகக் குறைக்கப்பட்டது. எங்கே எரிபொருள் கிடைக்கும், எங்கே காவலர் நிற்கின்றனர், எங்கே விபத்து நேர்ந்துள்ளது என்பவற்றை ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொண்டனர். கூட்டம் பெருகவே, 23ஆக இருந்த தடங்கள் 1977இல் 40ஆக உயர்த்தப்பட்டன. அவற்றுள் 9ஆம் தடம் அவசர உதவிக்கும், 19ஆம் தடம் நெடுஞ்சாலை ஓட்டுநர் உரையாடலுக்கும் உரியவையாயின.

பின்னர்க் கைப்பேசி வந்தது. வழிகாட்டும் செயலிகள் வந்தன. சாலை நெரிசலைத் திரையே காட்டியது. பேச்சு அலைவரிசையில் கூட்டம் குறைந்தது. ஆயினும், பனிப்பொழிவால் சாலை அடைபடும்போதும், கோபுரங்கள் இல்லாத வெளிகளைக் கடக்கும்போதும், முன்னே செல்லும் முகமறியா ஓட்டுநரிடம் ஒரு சொல் கேட்க அக்கருவியே உதவுகிறது. அவருடைய கைப்பேசி எண்ணை யாரறிவார்?

இந்தியாவில் 2005ஆம் ஆண்டு விதிகள், 27 மெகாஹெர்ட்ஸ் அளவிலான குறைந்த ஆற்றல் கருவிகளை உரிமமின்றிப் பயன்படுத்த இசைவளித்தன. எனினும், இங்குள்ள சரக்குந்துகளில் அவை பரவவில்லை. இந்தியாவில் இப்பழக்கத்தின் நெருங்கிய உறவைக் காண வேண்டுமெனில் மீன்பிடி படகுகளையே பார்க்க வேண்டும்.

படகில் ஒலிக்கும் கருவி

படகுகளில் பயன்படுவது ‘வி.எச்.எஃப்.’ எனப்படும் மிகை அதிர்வெண் கருவி. மீனவர் இதனை ‘வயர்லெஸ்’ என்றும் ‘வாக்கி டாக்கி’ என்றும் வழங்குவர். கையில் ஏந்தும் கருவி பொதுவாக 5 வாட் ஆற்றலும், படகில் பொருத்தப்படும் கருவி 25 வாட் ஆற்றலும் உடையது. கடல்வழித் தொடர்புக்கென உலகம் முழுவதும் 156.8 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை ‘16ஆம் தடம்’ என ஒதுக்கப்பட்டுள்ளது. இடர் அழைப்பும் முதல் அழைப்பும் இத்தடத்திலேயே அமையும். உயிருக்கு ஆபத்து நேரும்போது ‘மேடே’ என மும்முறை கூறி, படகின் பெயர், இருக்குமிடம், நேர்ந்த இடர், படகில் உள்ளோர் எண்ணிக்கை ஆகியவற்றைச் சொல்ல வேண்டும் என்பது உலகப் பொதுமுறை.

இவ்வலைகள் நேர்கோட்டில் செல்வன. நிலவுருண்டையின் வளைவு அவற்றுக்குத் தடையாகும். ஆகவே, ஒலி எட்டும் தொலைவை ஆற்றலைவிட அலைவாங்கியின் உயரமே பெரிதும் தீர்மானிக்கிறது. கடல்மட்டத்திலிருந்து அலைவாங்கி இருக்கும் உயரத்தை மீட்டரில் கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அலை எட்டும் எல்லை கிலோமீட்டரில் கிடைக்கும். பேசும் இரு முனைகளின் எல்லைகளையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

சிறு படகில் அமர்ந்தவர் கையில் கருவி கடல்மட்டத்திலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். அத்தகைய இரு படகுகளுக்கிடையே ஏறத்தாழ 8 கி.மீ. வரை பேசலாம். படகில் 4 மீட்டர்க் கம்பத்தில் அலைவாங்கியைப் பொருத்தினால் இத்தொலைவு 16 கி.மீ.ஆக உயரும். கரையில் 25 மீட்டர் உயரக் கோபுரம் இருந்தால், அக்கம்பத்தையுடைய படகோடு ஏறத்தாழ 29 கி.மீ. வரை பேசலாம். இவை கணக்கில் கிடைக்கும் உயர்ந்த அளவுகள். அலையும் மழையும் மின்கலத்தின் வலுவும் நடைமுறையில் அவற்றைக் குறைக்கும். கருவியை வாங்கித் தருவது மட்டும் போதாது. கரையில் உயர்ந்த அலைவாங்கியும் வேண்டும் என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

தெரிந்து தெளிவோம்

இந்தியக் கடலோரக் காவல்படையின் தேடல், மீட்பு உதவிக்கான கட்டணமில்லா எண் 1554. கடலோரப் பாதுகாப்புக் காவல் குழுமத்தின் உதவி எண் 1093. கடலில் இடருற்றவரைக் கண்டால், அருகில் உள்ள கப்பல் உதவிக்கு விரைய வேண்டும் என்பது பன்னாட்டுக் கடல் பாதுகாப்பு உடன்படிக்கை வகுத்த கடமை.

கைப்பேசி தந்த நன்மை

கைப்பேசி மீனவர் வாழ்வில் செய்த மாற்றம் சிறிதன்று. கேரளத்தின் மீன் சந்தைகளை ஆராய்ந்த பொருளியலறிஞர் இராபர்ட் ஜென்சன், 2007ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். கைப்பேசி வருவதற்கு முன், ஒரு துறையில் வாங்குவோரின்றி மத்தி மீன் கடலில் கொட்டப்பட்டது. அதே நாளில் சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள மற்றொரு துறையில் வாங்குவோர் மீனின்றித் திரும்பினர். 1997ஆம் ஆண்டிற்குப் பின் அக்கடற்கரையில் கைப்பேசிச் சேவை படிப்படியாகப் பரவியபோது, மீனவர் கடலிலிருந்தே விலை கேட்டுத் துறையைத் தேர்ந்தனர். மீன் வீணாவது ஏறத்தாழ நின்றது. மீனவரின் ஆதாயம் சராசரியாக 8 விழுக்காடு உயர்ந்தது. வாங்குவோர் கொடுத்த விலையோ 4 விழுக்காடு குறைந்தது.

விலை மட்டுமன்று. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், மீன்வளம் மிகுந்திருக்கக்கூடிய இடங்களையும் அலையின் உயரத்தையும் காற்றின் வேகத்தையும் முன்னறிவிக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய மீனவர் நண்பன் செயலி அத்தகைய செய்திகளைத் திறன்பேசியில் கொண்டுவந்து தருகிறது. ஏரிக்குள் வலை கட்டுபவருக்கும் கரையை ஒட்டித் தொழில் செய்பவருக்கும் இவையே போதுமானவை. கைப்பேசி இருக்கும்போது இன்னொரு கருவி எதற்கு என்று அவர்கள் வினவுவதில் நியாயம் உண்டு.

கைப்பேசி நிற்கும் இடம்

ஆனால், கைப்பேசியின் கை கரையோடு கட்டப்பட்டது. கரையிலிருந்து 10 முதல் 12 கி.மீ. தொலைவுக்கு அப்பால் அதன் அலை பொதுவாக எட்டுவதில்லை. ஆபத்து மிகுந்திருப்பதோ அந்த எல்லைக்கு அப்பால்தான்.

இரண்டாவது குறை புயற்காலத்தில் வெளிப்படும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைக்கு அருகே கரை கடந்தபோது மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன; கைப்பேசிச் சேவையும் முடங்கியது. நடுவில் கோபுரமும் மின்சாரமும் இருந்தாலன்றிக் கைப்பேசி பேசாது. இரு வாக்கி டாக்கிகளுக்கு இடையே காற்றைத் தவிர வேறொன்றும் தேவையில்லை.

மூன்றாவது குறை நுட்பமானது. கைப்பேசி ஒருவரை ஒருவரோடு இணைக்கிறது. யாரை அழைப்பது என்று அழைப்பவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இயந்திரம் நின்று அலையில் தத்தளிக்கும் படகினருக்குத் தேவைப்படுபவர் உறவினரோ நண்பரோ அல்லர். யார் அருகில் இருக்கிறாரோ அவரே. அவர் யார் என்பதைத் தத்தளிப்பவர் அறியார். திறந்த அலைவரிசையில் ஒருவர் பேச ஊரே கேட்கும். கேட்டவருள் அண்மையில் இருப்பவர் படகைத் திருப்புவார்.

ஒரு குரலைப் பலர் ஒருங்கே கேட்பதன் பயனைத் தமிழ்க் கடற்கரை நேரில் கண்டுள்ளது. புதுச்சேரிப் பகுதியில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த ஊர்த் தகவல் மையங்கள், அலைநிலையை ஒலிபெருக்கி வழியே மீனவருக்கு அறிவித்துவந்தன. 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்தைச் சேர்ந்த ஒருவர், சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் ஆழிப்பேரலை பற்றி எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை ஊர் ஒலிபெருக்கியில் ஒலித்தது. மக்கள் மேட்டுநிலத்துக்கு ஓடி உயிர் பிழைத்தனர். தொலைபேசி செய்தியை ஊருக்குக் கொண்டுவந்தது; ஒலிபெருக்கி அதை ஊராரிடம் கொண்டுசேர்த்தது. ஒன்றில்லாமல் மற்றொன்றால் அந்த ஊரைக் காத்திருக்க இயலாது.

அதே நாள்களில் அந்தமான் தீவுகளின் தொடர்புகள் அறுந்தன. போர்ட் பிளேரில் தங்கியிருந்த பாரதி பிரசாத் தலைமையிலான பொழுதுபோக்கு வானொலிக் குழுவினர், தம் கருவிகளின்வழித் தீவுகளின் செய்தியை வெளியுலகுக்கு அனுப்பி மீட்புப் பணிக்குத் துணைநின்றனர். புதிய வலையமைப்பு வீழ்ந்த இடத்தில் பழைய அலை கைகொடுத்தது.

அலைவரிசையும் ஒரு பொதுநீர்

வாக்கி டாக்கியிலும் குறைகள் உள. உப்புக்காற்று அதன் உறுப்புகளை அரிக்கும். மின்கலம் தீர்ந்தால் அது வெறும் சுமை. கடல்வழி அலைவரிசையைப் பயன்படுத்த உரிய உரிமமும் வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, அதில் இரகசியம் இல்லை. மீன்பட்ட இடத்தை அதில் சொன்னால், கேட்டவரெல்லாம் அங்கு வந்து வலை வீசுவர். பாடுபட்டுக் கண்ட இடத்தைப் பொதுவில் கூறப் படகினர் தயங்குவது இயல்பே. விலையும் கணக்கும் பேசக் கைப்பேசியே தக்கது.

மேலும், ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒருவரே பேச முடியும். இருவர் ஒருசேரப் பொத்தானை அழுத்தினால் இருவர் சொல்லும் சிதையும். வீண்பேச்சால் 16ஆம் தடம் நிறைந்திருந்தால், உயிருக்குப் போராடுபவரின் குரல் அதில் அமிழ்ந்துபோகும். ஆகவே, சுருங்கப் பேசுதல், பேசி முடித்ததைச் சொல்லுதல், பிறர்க்கு இடம்விடுதல் ஆகிய ஒழுங்குகள் இன்றியமையாதவை.

இவ்வொழுங்கு பழவேற்காட்டுக்குப் புதிதன்று. ஏரியில் வலை கட்டும் இடங்களைக் கிராமத்தார் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்னும் மரபு இங்கு நெடுங்காலமாக வழங்கிவருகிறது. நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாமல், முறை சுழன்று வரும். நீர் எல்லார்க்கும் பொது என்பதாலேயே அதற்கு வரையறை தேவைப்பட்டது. அலைவரிசையும் கண்ணுக்குப் புலப்படாத ஒரு பொதுநீரே. அதைக் காப்பது சட்டம் மட்டுமன்று. முறை தவறாமை என்னும் ஊர்ப்பண்பும் ஆகும்.

வானிலிருந்து வரும் துணை

2017 நவம்பர் இறுதியில் உருவான ஒக்கிப் புயல், செய்தித்தொடர்பின் எல்லையைக் கொடிய முறையில் காட்டியது. குமரி மாவட்டத்தையும் கேரளத்தையும் சேர்ந்த மீனவர் பலர் பல நாள்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்தனர். மிக விரைவாக வலுவடைந்த புயலைப் பற்றிய எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. கைப்பேசி அவ்வளவு தொலைவு செல்லாது, வி.எச்.எஃப். அலையும் கரைக்கு எட்டாது. நூற்றுக்கணக்கான உயிர்கள் மாண்டன.

அவ்விடைவெளியை நிரப்பச் செயற்கைக்கோள்கள் துணைக்கு வந்தன. 2019 அக்டோபரில் அறிமுகமான ‘ஜெமினி’ என்னும் கருவி, கைப்பேசி எட்டாத கடலிலும் புயல் எச்சரிக்கையைப் பெற்றுத் தருகிறது. ஆயினும் அது ஒருவழிப் பாதை. கேட்கலாம், பேச இயலாது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய இடர் அறிவிப்புக் கருவி 2010 முதல் பயன்பாட்டில் உள்ளது. பொத்தானை அழுத்தினால் படகின் இருப்பிடம் மீட்பு மையத்தை அடையும். அழைப்பு சென்று சேர்ந்தது என்னும் மறுமொழியைப் படகினருக்குத் தரும் அதன் இரண்டாம் தலைமுறை 2024இல் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு 30 அன்று, நாடு முழுவதும் 1 லட்சம் மீன்பிடி படகுகளில் இருவழிச் செய்தி அனுப்பும் கருவிகளைப் பொருத்தும் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது.

இவ்வளர்ச்சிக்கும் பழவேற்காட்டுக்கும் வியப்பான ஓர் உறவு உண்டு. ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவூர்தி புறப்படும் நாள்களில், குறிப்பிட்ட கடற்பகுதிக்குள் செல்ல வேண்டாமென்று இங்குள்ள மீனவர் அறிவுறுத்தப்படுகின்றனர். அன்றைய தொழில் தடைப்படுகிறது. இந்தியாவின் வழிகாட்டிச் செயற்கைக்கோள் வரிசையில் முதலாவது, 2013 ஜூலை 1 அன்று அங்கிருந்தே விண்ணுக்குச் சென்றது. அத்தீவின் நிழலில் வலை வீசுவோர்க்கு, அங்கிருந்து எழுந்தவற்றின் பயன் முதலில் வந்து சேர்வதே முறை.

எனினும், வானிலுள்ள செயற்கைக்கோளின்வழி இடர்ச்செய்தி மீட்பு மையத்தை அடைந்து, அங்கிருந்து கப்பல் புறப்பட்டுச் சம்பவ இடத்துக்கு வர நேரமாகும். 5 கி.மீ. தொலைவில் வலை இழுத்துக்கொண்டிருக்கும் அண்டைப் படகு அதற்குள் வந்து சேர்ந்துவிடும். அப்படகை அழைக்க வல்லது வாக்கி டாக்கியின் குரலே.

கேட்கும் செவி

ஆகவே, ‘இதுவா, அதுவா’ என்னும் வினாவே பொருத்தமற்றது. கரையை ஒட்டிய தொழிலுக்கும் விலைக்கும் வீட்டுக்கும் கைப்பேசி. படகுக்கும் படகுக்கும் இடையே வாக்கி டாக்கி. கரை மறைந்த ஆழ்கடலில் செயற்கைக்கோள் கருவி. ஒவ்வொன்றும் தனக்குரிய தொலைவை ஆள்கிறது. ஒன்று வந்தது என்பதற்காக மற்றொன்றைக் கைவிடுபவர், அந்தத் தொலைவைக் காவலின்றி விட்டுவிடுகிறார்.

எந்தக் கருவியானாலும் அதன் பயன் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. மறுமுனையில் ஒரு செவி விழித்திருக்க வேண்டும். 1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதியபோது, ‘கலிபோர்னியன்’ என்னும் கப்பல் அதற்கு அருகிலேயே நின்றிருந்தது. அதன் வானொலி இயக்குநர் அன்றைய பணியை முடித்துக் கருவியை அணைத்துவிட்டு உறங்கச் சென்றிருந்தார். உதவிக்குரல் காற்றில் நிறைந்திருந்தும் அக்கப்பலில் அதைக் கேட்பாரில்லை. தொலைவிலிருந்து விரைந்து வந்த ‘கார்பேத்தியா’ வந்துசேர்ந்தபோது, டைட்டானிக் மூழ்கிவிட்டது. கப்பல்களில் இரவும் பகலும் வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்னும் விதி அதன் பின்னரே பிறந்தது.

கடற்கரை ஊர்களுக்கும் அவ்விதி பொருந்தும். கரையில் உயர்ந்த அலைவாங்கி, தடையற்ற மின்சாரம், முறைவைத்துக் கேட்கும் இளைஞர்கள், கேட்டதை உடனே கடலோரக் காவல்படைக்குச் சொல்லும் ஏற்பாடு ஆகிய நான்கும் அமைந்தால், சில ஆயிரம் ரூபாய்க் கருவி உயிர்காக்கும் காவலனாகும். அவை இல்லையேல், எவ்வளவு புதிய கருவியாயினும் அது கடலை நோக்கிப் பேசும் தனிக்குரலே. பாடுமுறையால் நீரைப் பகிர்ந்துகொள்ளக் கற்ற ஊர், விழித்திருக்கும் பொறுப்பையும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ள இயலும்.

சொல்லும் பொருளும்

முகத்துவாரம் – ஆறு அல்லது ஏரி கடலோடு கலக்கும் வாயில்
உவர்நீர் – உப்பும் நன்னீரும் கலந்த நீர்
அலைவாங்கி – வானொலி அலைகளை அனுப்பவும் பெறவும் உதவும் கம்பி
பாடு – பழவேற்காட்டு ஏரியில் வலை கட்டும் இடங்களை முறைவைத்துப் பகிரும் மரபு

கற்பவை கற்றபின்...

1. கரையில் 36 மீட்டர் உயரத்திலும் படகில் 4 மீட்டர் உயரத்திலும் அலைவாங்கிகள் உள்ளன. இரண்டுக்கும் இடையே எவ்வளவு தொலைவு வரை பேசலாம் எனக் கணக்கிடுக.
2. ‘அலைவரிசையும் ஒரு பொதுநீர்’ என்னும் கருத்தை, உங்கள் ஊரில் பொதுவாகப் பயன்படுத்தப்படும் ஏதேனும் ஒரு வளத்தோடு ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.
3. இயந்திரம் பழுதடைந்து கடலில் நிற்கும் படகிலிருந்து 16ஆம் தடத்தில் அனுப்பவேண்டிய இடர்ச்செய்தியைச் சுருக்கமாக எழுதி, வகுப்பில் பேசிக் காட்டுக.
4. புயற்காலத்தில் உங்கள் ஊரில் மின்சாரமும் கைப்பேசியும் இயங்காவிடில், செய்தியை எவ்வெவ்வழிகளில் பரப்பலாம்? குழுவாகக் கலந்துரையாடித் திட்டம் ஒன்று வகுக்க.